இரண்டாம் புல் குதிரை

தெப்ரெட்சென் நகரிலிருந்து மேற்கே போகும் கிளைப்பாதை ரயில், கடைசி அடுக்குமாடிகளைத் தாண்டியதும் மரங்களை ஒவ்வொன்றாக உதறிவிடுகிறது. முதலில் தோப்பு போகிறது. பிறகு ஓடையோரத்து ஒற்றை மரமும் போய்விடுகிறது. அதற்கு அப்புறம் தூரத்தில் நிற்கும் ஒரு கிணற்று ஏற்றமே பெரிய கோபுரம்போலக் கண்ணை இழுக்கிறது. ஹங்கேரியின் கிழக்கில் 80,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்து கிடக்கும் ஹோர்தோபாஜ் புல்வெளி இது. 1973-ல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இயற்கைக் காட்சிக்காகத் தந்த இடமல்ல அது. மேய்ச்சல் வாழ்க்கை ஒரு நிலத்தை எப்படி உருவாக்கும் என்பதற்குச் சாட்சியாகத் தந்தது.

மொழிகளைப் பற்றிய புத்தகங்களைக் கதைப் புத்தகம்போல் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஹங்கேரி மொழி அப்படித்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. சுற்றிலும் ஸ்லாவ், ஜெர்மானிய, ரொமானிய மொழிகள். நடுவில் இது மட்டும் யாருக்கும் உறவில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இதன் நெருங்கிய உறவினர்களான மான்சி, காந்தி என்ற இரு மொழிகளும் உரால் மலைக்கு அப்பால், மேற்கு சைபீரியாவின் ஓப் ஆற்றங்கரைக் காடுகளில் சில ஆயிரம் பேரால் பேசப்படுகின்றன. ஓப் கரையிலிருந்து தன்யூப் கரைக்கு ஒரு மொழியைக் கொண்டுவந்து சேர்த்தது குதிரை. அந்த வழியில் கால்நடை வளர்த்த மக்களோடு பழகிய பல நூற்றாண்டுகள் இன்னமும் பேச்சில் இருக்கின்றன என்கிறார்கள். எந்த அளவுக்கு என்று காதால் கேட்டுப் பார்க்கத்தான் போனேன்.

ஏப்ரல் 24, புனித ஜார்ஜ் திருநாள். குளிர்காலம் முழுக்கக் கொட்டடியில் அடைபட்ட மந்தைகளை அன்றுதான் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவது வழக்கம். அக்டோபர் 26, புனித தெமெத்தெர் நாளில் திருப்பி ஓட்டி வருவார்கள். மேய்ப்பர்களின் கூலி ஒப்பந்தமும் பழைய காலத்தில் இந்த இரண்டு திருநாட்களுக்கு நடுவில்தான். நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை. சோஷலிச ஆட்சியில் ரஷ்ய மொழி கற்றுக்கொடுத்தவர்; 1989-க்குப் பிறகு ரஷ்ய மொழிக்கு ஆள் இல்லாமல் போகவே, நாற்பது வயதில் ஆங்கிலம் படித்து அதைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தவர். ஒரே வாழ்நாளில் இரண்டு பேரரசுகளின் இலக்கணத்தைத் திருத்தியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒன்பது கண் பாலம் என்று எல்லோரும் சொல்லும் கல்பாலத்தின் அருகே நின்றோம். 1827-ல் தொடங்கி 1833-ல் கட்டி முடித்த பாலம். மாடுகள் வருவதற்கு முன் அவற்றின் மணிச்சத்தம் வந்தது. அதன் பின்னால் வெண்சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நகர்ந்து வந்தது. ஹங்கேரியச் சாம்பல் மாடு. கொம்பு ஒவ்வொன்றும் என் கை நீளம். அடியில் வெள்ளை, நுனியில் கறுப்பு. யாழின் இரண்டு தண்டுகள்போல் வளைந்து மேலே போகிறது. நெருக்கியடித்து வரும்போது கொம்போடு கொம்பு உரசுகிற சத்தம் தனியாகக் கேட்டது. காய்ந்த மூங்கில்கள் காற்றில் மோதிக்கொள்கிற மாதிரி. நடுவில் ஓடிவந்த கன்றுகள் மட்டும் செம்மண் நிறம். பிறந்து சில மாதங்கள்வரை அப்படித்தான் இருக்குமாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் பூத்துவிடும்.

“ஆர்பாட் தலைவனோடு ஆசியாவிலிருந்து கூடவே நடந்து வந்த மாடுகள் என்று கையேட்டில் போட்டிருக்கிறதே” என்றேன்.

“எழுதியவர் மாட்டைக் கேட்டுக்கொண்டாரா?” என்றார் டீச்சர்.

மஜார்கள் (ஹங்கேரியர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் அது) ஆர்பாட் தலைமையில் கார்பாத்திய மலைகளைத் தாண்டி இந்தச் சமவெளிக்கு வந்தது 895 வாக்கில். அந்தக் காலத்து மண்ணில் கிடைக்கிற மாட்டெலும்புகள் எல்லாம் சின்ன உடம்பும் குட்டைக் கொம்பும் கொண்ட மாடுகளுடையவை. இந்த நீளக் கொம்பு இடைக்காலத்தின் பின்பகுதியில்தான் தென்படத் தொடங்குகிறது. பிறகு இது ஐரோப்பாவின் பெரிய வியாபாரம் ஆயிற்று. வியன்னா, நூரென்பெர்க், ஆக்ஸ்பர்க், வெனிஸ் என்று மாடுகளை நடத்தியே கொண்டுபோய் விற்றார்கள். அப்படி ஓட்டிப்போன ஆயுதம் தரித்த மாட்டோட்டிகளுக்கு ஹய்தூ என்று பெயர். தெப்ரெட்சென் இருக்கும் மாவட்டத்தின் பெயரில் பாதி இன்றைக்கும் அவர்களுடையது. டிராக்டர் வந்தபின் இந்த மாட்டுக்கு வேலை போயிற்று. 1960-களின் தொடக்கத்தில் இனமே அழியும் நிலைக்கு வந்து, மிச்சமிருந்த கொஞ்சம் மாடுகளைக் கொண்டு மீட்டெடுத்தார்கள்.

மாட்டுக்குப் பின்னால் குதிரைகள். குதிரை மேய்ப்பனை சிகோஷ் என்கிறார்கள். நீல நிறத்தில் பாவாடைபோல் அகன்ற கால்சட்டை, கறுப்புத் தொப்பி, கையில் நீளச் சாட்டை. மேய்ப்பர்களுக்குள் அவன்தான் உயர்ந்தவன். அடுத்தது மாடு மேய்க்கும் குயாஷ், அதற்கும் கீழே ஆடு மேய்க்கும் யுஹாஸ், கடைசியில் பன்றி மேய்க்கும் கொந்தாஷ். சத்திரத்தில் யார் எங்கே உட்காருவது என்பதுவரை இந்த வரிசை பார்க்கப்பட்டதாம். அது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. உலகம் முழுக்க கூலாஷ் என்ற பெயரில் சாப்பிடும் குழம்பு இந்த இரண்டாம் நிலைக்காரனின் பெயரால் வந்தது.

ஒரு சிகோஷ் தன் சேணத்தைக் கழற்றிக் காட்டினான். ‘கழற்றி’ என்பதே தவறான சொல். தூக்கி எடுத்தான், அவ்வளவுதான். வயிற்றைச் சுற்றிக் கட்டும் வார் அதில் கிடையாது. கனத்த ஒரு விரிப்பு, இரண்டு பக்கமும் தொங்கும் அங்கவடி, வேறொன்றுமில்லை. அதை முதுகில் போட்டுவிட்டு, சமநிலையை மட்டும் நம்பி ஏறி நான்கு கால் பாய்ச்சலில் போகிறார்கள். ஒரு பக்கம் எடை கூடினால் ஆளும் சேணமும் சேர்ந்தே மண்ணுக்கு வரும். என்னையும் ஏறச் சொன்னான். நான் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கருப்பு கலந்த செம்பழுப்பில் பளபளத்த அந்தக் குதிரையும் ஆசிய ஸ்டெப்பிப் புல்வெளியிலிருந்து வந்ததில்லை. நோனியுஸ் என்ற இனம். 1810-ல் பிரான்சின் நார்மண்டியில் பிறந்து, நெப்போலியன் போர்களின் முடிவில் ஆஸ்திரியர் கையில் சிக்கி, ஹங்கேரியின் அரசுப் பண்ணைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பொலிக்குதிரையின் வாரிசுகள். பயணிகளுக்காக நடத்தும் வித்தையின் உச்சம் ‘புஸ்தா ஐவர்’. பின்னால் ஓடும் இரண்டு குதிரைகளின் முதுகில் ஒவ்வொன்றிலும் ஒரு கால் வைத்து நின்றபடி, முன்னால் மூன்றைக் கடிவாளம் பிடித்து ஓட்டுவது. ஹூணர் காலத்து வித்தை என்று பக்கத்தில் நின்ற பயணி தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். லுட்விக் கோஹ் என்ற ஆஸ்திரிய ஓவியர் 1920-களில் கற்பனையாக வரைந்த படம் அது. அதைப் பார்த்துவிட்டு, ‘செய்து பார்த்தால் என்ன?’ என்று லேனார்த் பேலா என்ற ஹோர்தோபாஜ்காரர் 1953-ல் செய்துகாட்டினார். அதே 1953 வரை இதே புல்வெளியில், எல்லையோர ஊர்களிலிருந்து இரவோடு இரவாகப் பிடித்துவந்த குடும்பங்களை ஆட்டுக்கொட்டகைகளில் அடைத்து வேலை வாங்கிய கட்டாய முகாம்களும் இருந்தன. டீச்சர் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

இந்த நிலத்துக்குச் சொல்லும் புஸ்தா என்ற பெயரே ஸ்லாவியச் சொல். வெறுமையானது என்று பொருள். ஆக மாடு இடைக்காலம், குதிரை பிரெஞ்சு, வித்தை ஓவியத்திலிருந்து, பெயர் அண்டை வீட்டாருடையது. கண்ணால் பார்த்ததில் ஆர்பாட் காலத்தோடு முடிச்சுப் போட எதுவும் மிஞ்சவில்லை. எனக்கு ஏமாற்றம்கூட இல்லை, ஒருவிதமான உற்சாகம்தான். பழையது எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று.

மதியம் நாணல் தட்டிக்குப் பின்னால், காற்று படாத இடத்தில் அடுப்பு மூட்டினார்கள். மந்தைக்குப் பொறுப்பான தலைமை மேய்ப்பரை ஸாமதோ என்கிறார்கள். கணக்குக் காட்டவேண்டியவர் என்று அர்த்தம். ஐம்பதைத் தாண்டிய அந்த ஸாமதோ, டீச்சரைக் கண்டதும் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் இவரிடம் ரஷ்ய மொழியில் தேறாமல் போனவராம். “இன்னமும் வேற்றுமை உருபு தப்பாகத்தான் வருகிறது, டீச்சர்” என்றார். “உன் மாடுகளுக்குப் புரிந்தால் போதும்” என்றார் இவர்.

மூன்று கம்புகளிலிருந்து தொங்கிய இரும்புச் சட்டியில் ஷ்லம்புட்ஸ் ஆகிக்கொண்டிருந்தது. பன்றிக்கொழுப்பை உருக்கி, அதில் வெங்காயத்தை வதக்கி, அப்பளம்போலக் காய்ந்த மாவுத்தகடுகளை நொறுக்கிப்போட்டுப் பொன்னிறமாக வறுத்து, உருளைக்கிழங்கு, பாப்ரிகா, உப்பு, தண்ணீர். அப்புறம்தான் கைவேலை. கரண்டியே போடக்கூடாது. தண்ணீர் சுண்டியதும் சட்டியின் பிடியைப் பற்றி ஒரு வெட்டு வெட்டிச் சுழற்றினால் உள்ளே இருப்பது மொத்தமாகப் புரண்டு அடி மேலாகும். 32 தடவை புரட்டினால்தான் ஷ்லம்புட்ஸ் என்பது கணக்கு. ஸாமதோ பேசிக்கொண்டே புரட்டினார். எண்ணினாரா என்று தெரியவில்லை. கடைசியில் சட்டியில் ஒட்டாமல் ஒரே உருண்டையாகத் திரண்டு பளபளவென்று வந்தது.

சாப்பிடும்போது டீச்சர் என் குறிப்பேட்டைப் பிடுங்கிக்கொண்டார். கண்ணில் படுகிற ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டு ஸாமதோவைச் சொல்லவைத்து, பக்கத்தில் அது வந்த இடத்தைக் குறித்துக் கொடுத்தார். பழைய மாணவனுக்கு மறுபடியும் வாய்மொழித் தேர்வு.

குதிரை: லோ. மான்சி மொழியிலும் கிட்டத்தட்ட அதேதான், லூ. சேணத்துக்கு ஞெரெக், கடிவாளத்துக்கு ஃபேக். இவை ஓப் ஆற்று உறவினரோடு பங்குபோட்டுக்கொண்ட சொற்கள். அதாவது மஜார்களும் மான்சிகளும் பிரிவதற்கு முன்பே, கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்திலேயே, அவர்களின் மூதாதைகள் குதிரை ஏறத் தெரிந்தவர்கள். அங்கே நின்ற ஒரு குட்டியின் வயதைக் கேட்டேன். “மாஷோத்ஃபூ” என்றார் ஸாமதோ. இரண்டாம் புல். புல் இரண்டு முறை முளைத்ததைப் பார்த்த குட்டி. அடுத்த வருஷம் மூன்றாம் புல். நார்மண்டி ரத்தம் ஓடுகிற குட்டிக்கு வயது மட்டும் ஸ்டெப்பிக் கணக்கில். காலையிலிருந்து நான் தேடியது கையில் கிடைத்தது போலிருந்தது.

மான்சிகளின் கதை இதைவிட ஆச்சரியம். பிற்காலத்தில் அவர்கள் வடக்கே காட்டுக்குள் போய்விட்டார்கள். மீன், வேட்டை, சில இடங்களில் கலைமான் என்று வாழ்க்கை மாறியது. குதிரைக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஆனால் அவர்கள் வணங்கும் ‘உலகைக் காண்பவன்’ என்ற தெய்வம் வெள்ளைக் குதிரையில் வருகிறான். அவன் இறங்கும்போது குதிரையின் குளம்பு மண்ணில் படக்கூடாதென்று நான்கு வெள்ளித் தட்டுகளை வைப்பது வழக்கம். பனிக்காட்டு மீனவர்கள் குதிரைக்காரச் சாமிக்குத் தட்டு வைக்கிறார்கள் என்றால், அவர்கள் வந்த வழி வேறென்னவாக இருக்கமுடியும்?

பசு: தெஹேன். இதைக் கேட்டதும் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. ஸ்டெப்பியில் குதிரையேறித் திரிந்த இந்தோ-ஈரானிய மக்களிடமிருந்து வாங்கிய சொல். அதே சொல்லின் சமஸ்கிருத வடிவம் தேனு. நம் கோயில் வாகனமாக நிற்கும் காமதேனுவின் தேனுதான், ஹோர்தோபாஜ் புல்வெளியில் சாணி போட்டுக்கொண்டு நிற்கிறது. பாலுக்குச் சொல்லும் தேய் என்பதும் அந்தப் பக்கத்து வரவே.

காளை பிக்கா, எருது ஓக்கோர், கன்று போர்யூ, கிடாய் கோஷ், கம்பளி ஜாப்யூ, தயிர்க்கட்டி தூரோ, பாலாடைக்கட்டி ஷாய்த், பட்டி ஓல். இந்தப் பட்டியல் முழுக்கத் துருக்கியம். ஆட்டோமான் துருக்கியர் வந்து ஆண்ட காலத்தில் வந்ததல்ல; அதற்கு ஆறு, ஏழு நூற்றாண்டுகள் முந்தியது. கருங்கடலுக்கு வடக்கே கஜார் பேரரசின் நிழலில் மஜார்கள் வாழ்ந்தபோது, இன்று வோல்காக் கரையில் சுவாஷ் மக்கள் பேசுகிற மொழியை ஒத்த ஒரு துருக்கிய மொழியிலிருந்து 300-க்கும் மேற்பட்ட சொற்கள் வந்து சேர்ந்தன. குறிப்பேட்டில் டீச்சர் இரண்டு தடவை அடிக்கோடிட்ட சொல் திஸ்னோ. பன்றி. அதுவும் துருக்கியம்தான். நாடோடி பன்றி வளர்க்கமாட்டான். அது நூறு மைல் நடக்காது. கோதுமை, பார்லி, கலப்பை, அரிவாள், திராட்சை, மது ஆகியவற்றின் சொற்களும் அதே மூட்டையில் வந்திருக்கின்றன. ஆக, மஜார்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஓயாமல் குதிரை மேல் திரிந்த கூட்டமாக இருக்க முடியாது. ஆற்றோரம் குளிர்காலக் குடியிருப்பு, கொஞ்சம் விவசாயம், கோடையில் மேய்ச்சல் என்று இரண்டு காலில் நின்ற சமூகம். படத்தில் பார்க்கிற, புழுதி பறக்க வில்லோடு வருகிற ஸ்டெப்பிக்காரன் அந்த வாழ்க்கையின் ஒரு பருவம் மட்டும்தான்.

கடைசி மூன்று சொற்கள்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தன. உலர்புல் ஸேனா, தீவனத்தொட்டி யாஸோல், லாடம் பத்கோ. மூன்றும் ஸ்லாவியம். வருஷம் முழுக்க மந்தையோடு நகர்பவன் புல்லை அறுத்து உலர்த்திச் சேமிப்பதில்லை. மாடு தானே தேடிக்கொள்ளும். தொட்டி கட்டுவதில்லை. மென்மையான புல்தரையில் லாடமும் பெரிதாக வேண்டாம். இங்கே வந்து, ஏற்கெனவே குடியிருந்த ஸ்லாவிய உழவர்களுக்குப் பக்கத்தில் வீடு போட்டபோதுதான் அந்தச் சாமான்கள் வந்தன, பெயரையும் கூட்டிக்கொண்டு வந்தன. ஒரு மக்கள் என்றைக்குக் குதிரையிலிருந்து இறங்கினார்கள் என்பதைச் சொல்ல எந்தக் கல்வெட்டும் இல்லை. லாடம் என்ற சொல் இருக்கிறது.

தமிழ்க் காதுக்கு இந்த மொழி இன்னொரு வகையிலும் பரிச்சயமாகப் பட்டது. லோ என்றால் குதிரை, ஹாத் என்றால் முதுகு, ஓன் என்றால் மேல். லோஹாத்தோன், குதிரை முதுகின்மேல். ஒன்றின் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிறது. எண்ணைச் சொல்லிவிட்டால் பன்மை வேண்டாம். நாம் ‘அஞ்சு மாடு’ என்பதுபோல் அவர்களும் ஐந்து குதிரை என்பார்கள், குதிரைகள் என்னமாட்டார்கள். சொத்துக்கும் கால்நடைக்கும் யோஸாக் என்று ஒரே சொல். மாடு என்பதற்குச் செல்வம் என்ற பொருளைக் குறளில் படித்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கால்டுவெல் 1856-ல் திராவிட மொழிகளுக்குச் ‘சித்திய’ உறவு தேடியபோது இந்தக் குடும்பத்தைத்தான் கை காட்டினார். அவர் வாழ்ந்த ஊரின் பெயர் இடையன்குடி என்பது ஒரு தற்செயல் அழகு. அந்த உறவை இன்றைய மொழியியல் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒட்டுமொழிகள் எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகள் ஆகிவிடாது. இருந்தாலும் கேட்கும்போது ஒரு சொந்தம் தோன்றுவதை என்னால் தடுக்கமுடியவில்லை. தடுக்க முயலவும் இல்லை.

உறவு விஷயத்தில் ஹங்கேரியர்களுக்கே பெரிய சண்டை நடந்திருக்கிறது. 1769-ல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க நார்வேயின் வடகோடிக்குப் போன குழுவில் ஷாய்னோவிச் யானோஷ் என்ற யேசு சபைத் துறவி இருந்தார். வானம் பார்த்த நேரம் போக, அங்கே கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் பேச்சைக் கேட்டுவிட்டு, இது நம் மொழிக்கு உறவு என்று 1770-ல் புத்தகம் எழுதினார். ஊரில் உள்ள பிரபுக்களுக்கு ஆத்திரம். ஹூணர் மன்னன் அத்திலாவின் பேரப்பிள்ளைகள் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ‘மீன் நாற்றம் அடிக்கும் உறவு’ வேண்டாம். நூறு வருஷம் கழித்து, தர்வேஷ் வேடம் போட்டு மத்திய ஆசியா சுற்றிவந்த வாம்பேரி, துருக்கிய உறவே முதன்மை என்று வாதாட, பூதென்ஸ் என்ற மொழியறிஞர் மான்சி, காந்தி பக்கத்து உக்ரிய உறவே என்று எதிர்த்து நிற்க, ‘உக்ரிய-துருக்கியப் போர்’ என்றே அந்த விவாதத்துக்குப் பெயர் வந்துவிட்டது. இலக்கணமும் அடிப்படைச் சொற்களும் பூதென்ஸ் பக்கம். மேய்ச்சல் சொற்கள் கடன் என்பது முடிவு. மூதாதையர் நாட்டைத் தேடிக் கிளம்பிய கோரோஷி சோமா ஷாந்தோர் லடாக்கில் திபெத்திய மொழியில் சிக்கிக்கொண்டு, அதற்கு ஆங்கில அகராதி செய்து, 1842-ல் டார்ஜிலிங்கில் காய்ச்சலில் இறந்துபோனார். தேடிப்போனவர்களில் தேடியதைக் கண்ணால் கண்டவர் ஒருவர்தான், அதுவும் சோமாவுக்கு அறுநூறு வருஷம் முன்னால்.

யூலியானுஸ் என்ற தொமினிக்கத் துறவி. கிழக்கே தங்கிவிட்ட மஜார்கள் இருக்கிறார்கள் என்று பழைய ஏட்டில் படித்து 1235-ல் புறப்பட்டார். கூட வந்தவர்கள் வழியில் செத்தும் திரும்பியும் போனார்கள். 1236-ல் வோல்காப் பக்கத்துப் பல்கார் நகரம் ஒன்றில், அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த ஒரு பெண் ஹங்கேரி மொழி பேசுவதைக் கேட்டார். அவள் வழி சொல்லி அனுப்ப, போய்ச் சேர்ந்தார். உழவு தெரியாத, குதிரை இறைச்சி தின்று குதிரைப்பால் குடிக்கிற மக்கள். மூன்று நூற்றாண்டுக்கு மேல் பிரிந்திருந்தும் இவர் பேசியது அவர்களுக்குப் புரிந்தது, அவர்கள் பேசியது இவருக்குப் புரிந்தது. மறுவருஷம் மறுபடி கிளம்பியபோது மங்கோலியர் அந்த நாட்டை அழித்துவிட்ட சேதிதான் எதிரே வந்தது. 1241-ல் மங்கோலியர் ஹங்கேரிக்குள்ளேயே வந்துவிட்டார்கள். அவர்களோடு மோதிய மோஹி போர்க்களம் ஹோர்தோபாஜுக்கு வடக்கே, அதிகத் தூரமில்லை.

மறுநாள் டீச்சர் காரில் தெற்கே கார்ட்ஸாக் போனோம். கூமன்களின் ஊர். மங்கோலியருக்கு முன்னால் ஓடிவந்த துருக்கிய நாடோடிகள் கூமன்கள். 1239-ல் அரசன் நான்காம் பேலா அடைக்கலம் கொடுத்தான். பயிரில் மந்தையை விட்டுவிடுகிறார்கள் என்று உழவர்களோடு ஓயாத தகராறு. 1279-ல் கூடாரத்தை விட்டு வீட்டில் குடியேறச் சொல்லிச் சட்டமே போடவேண்டி வந்தது. கார்ட்ஸாக் என்ற பெயரே புல்வெளி நரிக்குத் துருக்கிய மொழிகளில் உள்ள பெயர்தான். ஊரைச் சுற்றி இன்னமும் ஆடுகள். ஆனால் மொழி போய்விட்டது. கூமன் மொழி அறிந்த கடைசி மனிதர் என்று சொல்லப்படும் வாரோ இஷ்த்வான் இதே ஊரில் 1770-ல் இறந்தார். ஷாய்னோவிச்சின் புத்தகம் வந்த அதே ஆண்டு. மஜார்கள் மேய்ச்சலைப் பெரும்பாலும் விட்டு மொழியைக் காப்பாற்றினார்கள். கூமன்கள் மேய்ச்சலைப் பிடித்துக்கொண்டு மொழியை விட்டார்கள். இரண்டும் ஒன்றாகவே வாழும், ஒன்றாகவே சாகும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்ததற்கு இந்த ஊரில் இடமில்லை.

டீச்சருக்குத் தெரிந்த ஒரு முதியவர் வீட்டு முற்றத்தில் அண்டா காய்ந்துகொண்டிருந்தது. கார்ட்ஸாக் ஆட்டுக்கறி நாட்டின் தேசியச் சிறப்புப் பட்டியலில் இடம்பெற்ற சமையல். முழு ஆடு; தலையும் காலும் நெருப்பில் வாட்டிச் சுரண்டி அதற்குள்ளேயே போகவேண்டும். தண்ணீர் ஊற்றுவதில்லை, கறி விடும் சாற்றிலேயே வேகவேண்டும். அவரை டீச்சர் ‘பாச்சி’ என்று கூப்பிட்டார். நம் மாமா, பெரியப்பா எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள். கூமன் மொழிக் கர்த்தர் ஜெபம் அவருக்குப் பாட்டி சொல்லிக் கொடுத்தது. இந்தப் பக்கத்துப் பள்ளிகளிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மொழி செத்தபின் வாய் மாறி வாய் வந்ததில் சொற்கள் தேய்ந்து உருமாறிவிட்டன. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னார். எந்தச் சொல்லுக்கு எது அர்த்தம் என்று கேட்டேன். ஒன்றும் தெரியாது என்றார், கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

அதற்கப்புறம் பட்டிக்குப் போனோம். சுருள் சுருளாக முறுக்கி நேர் மேலே போகும் கொம்புகளோடு ராட்ஸ்கா ஆடுகள். இங்கே பெட்டைக்கும் அதே கொம்பு. பாச்சி ஒவ்வொன்றாகக் காட்டினார். இது கோஷ், கிடாய். இது தொக்யோ, ஒரு வயதுக் குட்டி. டீச்சர் நின்றுவிட்டார். “பாச்சி, இந்த இரண்டும் துருக்கியச் சொல். உங்கள் கூமன் தாத்தாக்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் உங்களுக்கு அவர்களிடமிருந்து வரவில்லை. மஜார்கள் முன்னாலேயே வேறொரு துருக்கியக் கூட்டத்திடம் வாங்கிவைத்திருந்ததை, உங்கள் ஆட்கள் தங்கள் மொழியை விட்டபின் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.”

பாச்சி யோசித்தார். “அதாவது எங்கள் சொந்தக்காரனிடம் ஓட்டிப்போன ஆட்டை எங்களுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள்.”

“அப்படியும் சொல்லலாம்.”

“கம்பளியை வெட்டிக்கொண்டா, வெட்டாமலா?”

“வெட்டாமல்தான்” என்றார் டீச்சர். “ஜாப்யூவும் துருக்கியச் சொல்.”